முதியோர் இல்லத்தில் அம்மா: எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி:

என் அம்மாவுக்கு வயது 76. இரண்டு வருடங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறையாமல் இருக்கவும் ஒரு மாத்திரை உண்டு. சமீபமாக மறதியும் சேர்ந்துகொண்டது. அப்பா இல்லை. அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்தோம், யாரும் நிலைக்கவில்லை. கடைசியில் கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். எட்டு மாதம் ஆகிறது. மாதம் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கட்டுகிறோம். இடம் பளிச்சென்று இருக்கும். தோட்டம் உண்டு, பிள்ளையார் கோயில் உண்டு. முதலில் திருப்தியாகத்தான் இருந்தது.

போன மாதம் போனபோது அம்மாவுக்கு உடை மாற்ற உதவினேன். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. இடது மணிக்கட்டில் துணி கட்டிய தடம். கேட்டதற்கு, "ராத்திரி எழுந்திருக்கப் பார்க்கிறாங்க, விழுந்துடுவாங்கன்னு லேசா கட்டி வைக்கிறோம்" என்றார்கள். பகல் பதினோரு மணிக்கும் அம்மா தூங்கி வழிந்துகொண்டிருந்தார். மேனேஜர், "வயசானா அப்படித்தான் மேடம், எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சொல்லிவிட்டார்.

இது சாதாரணமா? அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றிவிடட்டுமா? புகார் கொடுத்தால் அந்தக் கோபத்தை அம்மாமேல் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் வேறு, "பெத்தவளை அனாதை மாதிரி விட்டுட்டா" என்கிறார்கள்.

— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். இது சாதாரணம் இல்லை. படுக்கைப் புண், கையைக் கட்டுவது, பகல் தூக்கம் ஆகிய மூன்றில் எதையும் "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிட முடியாது. மூன்றுக்கும் காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைத் தேடினால் கிடைக்கும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். முதியோர் மருத்துவத்தில் இத்தனை வருடம் இருந்த பிறகு எனக்குப் பொறுக்க முடியாமல் போன வாசகம் ஒன்று உண்டென்றால், அது இந்த "வயசானா அப்படித்தான்". அதைச் சொன்ன கணத்திலேயே தேடுவது நின்றுவிடுகிறது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புண்

ஒரே இடத்தில் படுத்திருக்கும்போது எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது. நாமெல்லாம் தூக்கத்திலேயே புரண்டுவிடுவதால் தப்பிக்கிறோம். ஒரு பக்கம் விழுந்துபோன உங்கள் அம்மாவால் அது முடியாது. சில மணி நேரம் அப்படியே கிடந்தால் தோல் கெட ஆரம்பிக்கிறது. சர்க்கரை, சிறுநீர் ஈரம், சத்துக்குறைவு இவையெல்லாம் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் இரு பக்கம், கணுக்கால், முழங்கை, தலையின் பின்பக்கம் ஆகியவைதான் முதலில் புண்ணாகும் இடங்கள். அடுத்த முறை போகும்போது இவை அத்தனையையும் பாருங்கள். குதிகாலைப் பலரும் விட்டுவிடுவார்கள்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து, பிறகு மீண்டும் சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது என்று பொருள். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு முதல் நிலைப் புண். நம் மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் இந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அதனால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்வதுபோல் தோல் உரிந்திருந்தால் அது இரண்டாம் நிலை. இந்தக் கட்டத்தில் சரியாகக் கவனித்தால் சில வாரங்களில் ஆறிவிடும். விட்டால் கொழுப்பு, தசை என்று இறங்கி எலும்பைத் தொடும். அந்தப் புண்ணின் கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுக்கத் திருப்பாமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்வாக வைப்பது, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்பது, டயப்பர் நனைந்தவுடன் மாற்றுவது. ஏர் பெட் நல்லதுதான். ஆனால் அது இருந்தால் திருப்ப வேண்டாம் என்று நினைப்பது தவறு. நல்ல மெத்தை இருக்கும்போது சிலருக்கு இடைவெளியைக் கூட்டலாம், அதையும் தோலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், பவுடர் எதுவும் வேண்டாம், சலைன் போட்டுக் கழுவினால் போதும். சிவந்த எலும்பு முனையைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தை இன்னும் கெடுக்கும். நாற்றம், கறுப்பு நிறம், சீழ், காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

தூக்கம்

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில நாட்களிலோ வாரங்களிலோ தூங்கி வழிய ஆரம்பித்தால், அதை மறதி நோய் முற்றிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மறதி நோய் இப்படித் திடீரென்று இறங்காது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் சோடியம் குறைவது, சர்க்கரை தாழ்வது, தண்ணீர் போதாமை, மலச்சிக்கல் என்று காரணங்கள் வரிசையாக உண்டு. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று வரும். உங்கள் அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். எப்போதாவது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் மூளைக்கு மேலே மெதுவாக ரத்தம் கசிந்து சேரும், வாரக்கணக்கில் கழித்துத்தான் மந்தம் தெரியும். அதனால் "அம்மா எப்போதாவது விழுந்தார்களா?" என்று கேளுங்கள். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் தலை ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் மாத்திரை. இரவில் சத்தம் போடுகிறார், எழுந்திருக்கிறார் என்று தூக்க மாத்திரையோ மனநோய்க்கான மாத்திரையோ ஆரம்பித்திருக்கலாம். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மாத்திரைகள் கொடுப்பது பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் இறப்பு சுமார் 1.6 முதல் 1.7 மடங்கு வரை இருந்தது. சில நேரம் அவை தேவைப்படும், நானும் எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாத்திரையையும் யார் எழுதியது, எந்தத் தேதியிலிருந்து, எதற்காக என்று கேளுங்கள். குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், லோராசெபாம், குளோனாசெபாம் போன்ற பெயர்கள் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

கையைக் கட்டுவது

விழாமல் இருக்கத்தான் கட்டுகிறோம் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்பட்ட காரணம். அமெரிக்க முதியோர் இல்லங்களில் 1980-களில் சுமார் மூன்றில் ஒருவரையாவது இப்படிக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். 1987-இல் வந்த சட்டம், தண்டனைக்காகவோ ஊழியர்களின் வசதிக்காகவோ யாரையும் கட்டக் கூடாது என்றது. கட்டுவது அங்கே படிப்படியாகக் குறைந்து இப்போது மிக அரிதாகிவிட்டது. அதனால் பலத்த காயங்கள் பெருகிவிடவும் இல்லை. கட்டிப்போட்டால் தசை தளரும், புண் வரும், சிறுநீர் கட்டுப்பாடு போகும், மனக்கலக்கம் கூடும். கட்டை அவிழ்க்கப் போராடும்போது கழுத்தில் சிக்கி இறந்தவர்களும் உண்டு. உங்கள் அம்மாவுக்கு வேலை செய்வது இடது கை ஒன்றுதான். அதையும் கட்டிவிட்டால் முகத்தில் உட்காரும் கொசுவைக்கூட அவரால் ஓட்ட முடியாது. அப்புறம் எப்படிப் புரண்டு படுப்பார்? புண்ணுக்கும் கட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அவர் ஏன் எழுந்திருக்கப் பார்க்கிறார் என்பது. பெரும்பாலும் சிறுநீர் கழிக்க. இல்லையென்றால் தாகம், வலி, குளிர், பயம். சில நேரம் ஆயுள் முழுக்கப் பழகிய பழக்கம். ஒரு இல்லத்தில் ஒரு பாட்டி தினமும் விடியற்காலை நாலு மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், தடுத்தால் கத்துவார். தூக்க மாத்திரை கேட்டு என்னிடம் வந்தார்கள். மகளைக் கூப்பிட்டு விசாரித்தால், அவர் நாற்பது வருடம் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். நாலு மணி என்பது அவருக்குக் கறவை நேரம். அங்கிருந்த ஆயா ஒருவர் அந்த நேரத்துக்கு அவரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு டம்ளர் காபி கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். பாட்டியும் சேர்ந்து உரித்தார். மாத்திரையும் வேண்டியிருக்கவில்லை, துணியும் வேண்டியிருக்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு உயரம் குறைந்த கட்டில், தரையில் கட்டிலை ஒட்டி ஒரு மெத்தை, மங்கலான இரவு விளக்கு, படுக்கும் முன்பும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கேட்காமலே சிறுநீர் கழிக்க உதவுவது, கைக்கு எட்டும் மணி ஆகியவற்றை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கட்டிலின் பக்கக் கம்பி பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். குழப்பத்தில் இருப்பவர் அதைத் தாண்ட முயன்றால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

இரவுக் கணக்கு

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை? பெரும்பாலான இடங்களில் கொடுமைக்காரர்கள் யாரும் இல்லை. ஆள் போதவில்லை, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படுத்த படுக்கையாக 20 பேர் இருக்கும் ஒரு இல்லம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை எட்டு மணி நேரம். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நான்கு சுற்று, மொத்தம் 80 தடவை திருப்ப வேண்டும். தோல் உரியாமல் திருப்ப இரண்டு பேர் வேண்டும். டயப்பர் பார்த்து, தலையணை சரிசெய்து திருப்பப் பத்து நிமிடம் ஆகும். 800 நிமிடம். அதாவது பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல். எட்டு மணி நேர இரவில் ஒரு ஜோடி ஆயாக்களால் எப்படி முடியும்? நான்கு பேராவது இருந்தால்தான் இந்த வேலை ஒருவழியாக நடக்கும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடத்தில் துணி எடுத்துக் கட்டுகிறார்கள், மாத்திரை கேட்கிறார்கள், திருப்பாமலே காலையில் நோட்டில் டிக் போடுகிறார்கள். பகலில் தோட்டத்தையும் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நமக்கு இது தெரிவதே இல்லை.

ஆகவே ஆயாவைத் திட்டி ஒன்றும் ஆகாது. இரவுப் பணிக்கு எத்தனை பேர், அவர்களில் பயிற்சி பெற்ற நர்ஸ் உண்டா, ஒருவர் வராவிட்டால் மாற்று யார் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். அங்கே வேலை செய்பவர்கள் எவ்வளவு நாளாக இருக்கிறார்கள் என்பதையும் பேச்சுவாக்கில் விசாரியுங்கள். மாதத்துக்கு மாதம் முகம் மாறும் இடத்தில் உங்கள் அம்மா எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஊழியர்களுக்கு ஒழுங்கான சம்பளமும் வாராந்திர விடுப்பும் தரும் இடத்தில்தான் ஆள் நிலைக்கும். நீங்கள் கட்டும் முப்பத்தைந்தாயிரத்தில் ஆட்களுக்குப் போவது எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நோட்டையும் உடம்பையும் சேர்த்துப் பாருங்கள்

திருப்பிப் படுக்க வைத்த அட்டவணை, மாத்திரை அட்டவணை, விழுந்த சம்பவங்களின் பதிவேடு, எடைப் பதிவு ஆகிய நான்கையும் கேளுங்கள். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரு வாரத்துக்கும் ஒரே மாதிரி டிக் இருந்தால் அது உட்கார்ந்து ஒரே மூச்சில் நிரப்பியது. மாலை நாலு மணிக்குப் போய்ப் பார்க்கும்போது ஆறு மணிக் கட்டமும் நிரம்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எடை மிக நல்ல அளவுகோல். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்குவது சின்ன விஷயம் இல்லை. நிற்க முடியாதவர்களை நாற்காலித் தராசில் உட்கார வைத்து எடை பார்ப்பார்கள். அது இல்லையென்றால் மாதம் ஒருமுறை மேல் கையின் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். ரவிக்கை தொளதொளத்தாலும் வளையல் தானாகக் கழன்றாலும் அதுவும் ஒரு செய்திதான்.

ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் அங்கே இருங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். தண்ணீர், டீ போன்ற நீர்த்தவைதான் முதலில் புரையேறும். கெட்டியான கஞ்சி, கூழ் பல நேரம் எளிதாக இறங்கும். எது ஏற்றது என்பதை விழுங்கும் திறனைச் சோதித்துச் சொல்ல மருத்துவர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னச் சின்னக் கவளமாக, முந்தையது இறங்கியதா என்று பார்த்து ஊட்ட வேண்டும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. விழுந்த பக்கத்துக் கன்னத்தில் உணவு தங்கியிருக்கும், அதை எடுத்து வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். வாய் சுத்தமாக இருந்தாலே நிமோனியா குறைகிறது. படுத்த நிலையில், அண்ணாந்த வாயில், ஸ்பூனை மேலே மேலே திணிப்பதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

கன்றிப்போன தடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு முன்கையில், புறங்கையில் லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் கன்றிவிடும். அதைப் பார்த்ததும் யார்மீதும் பழி போட வேண்டாம். மேல் கையின் உள்பக்கம், தொடையின் உள்பக்கம், மார்பு, காது, கழுத்து ஆகிய இடங்களிலும், விரல் பதிந்தது போன்ற வடிவத்திலும் கன்றல் இருந்தால் அது வேறு. குறிப்பிட்ட ஒருவர் அருகே வந்தால் அம்மா ஒடுங்கிப்போகிறாரா என்றும் கவனியுங்கள்.

யாரிடம் போவது?

இங்கிலாந்தில் ஓர் ஆணையம் ஒவ்வொரு இல்லத்தையும் சோதித்து மதிப்பீட்டை வெளியிடுகிறது. அமெரிக்காவில் அரசே நட்சத்திரம் போட்டுப் பட்டியலிடுகிறது. நம் ஊரில் அப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வசதி இல்லை. அதனால்தான் குடும்பத்தின் கண் இவ்வளவு முக்கியமாகிறது.

ஆனால் சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது, தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009-இல் வந்தன. முதியோர் இல்லங்கள் சமூக நலத் துறையில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் இல்லம் பதிவு செய்யப்பட்டதா, சான்று இன்னும் செல்லுபடியாகிறதா என்று கோவை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். மனநோய் உள்ளவர்களையும் அங்கே வைத்துப் பராமரித்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவும் வேண்டும். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். காணாமல்போன ஒருவரைத் தேடிக் குடும்பத்தினர் விடாமல் அலைந்ததால்தான் அந்த விஷயம் வெளியே வந்தது.

முதியோருக்கான உதவி எண் 14567. ஆலோசனையும் வழிகாட்டலும் கிடைக்கும், கொடுமை நடந்தால் தலையிடவும் செய்வார்கள். மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பணம் கட்டிப் பெறும் சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சட்ட உதவிக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச உதவி கிடைக்கும், எண் 15100. அடி, பாலியல் தொல்லை போன்ற குற்றம் என்றால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், அம்மாவை அங்கிருந்து கூட்டிவந்துவிட்டு நேராகக் காவல் துறைக்குப் போங்கள்.

புகார் கொடுத்தால் அம்மாமேல் காட்டுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதற்காக வாய் மூடி இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கேட்கும் விதத்தில் கவனமாக இருங்கள். வராந்தாவில் நின்று சத்தம் போடாதீர்கள். புண்ணைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பார்த்தது என்ன, என்ன மாற வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஒரே பக்கத்தில் எழுதி மேனேஜரிடம் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். ஆயாக்களிடம் அன்பாகவே இருங்கள், நன்றாகச் செய்பவரை மேனேஜர் முன்னால் பாராட்டுங்கள். அங்கே இருக்கும் மற்றவர்களின் பிள்ளைகளோடு பேசுங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் தனி ஒருவரின் அம்மாவைக் குறிவைக்க முடியாது. மாதம் ஒருமுறை, சொல்லிவைத்த ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் போவதை விடுங்கள். கோவையில் சித்தியோ மாமா மகனோ இருந்தால், உங்கள் சார்பில் வாரம் ஒருமுறை வெவ்வேறு நேரத்தில் போகச் சொல்லுங்கள். யாராவது வந்துபோகும் கட்டிலுக்குக் கவனிப்பு கூடும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

மாற்றலாமா?

மறதி உள்ளவர்களுக்கு இடம் மாறுவதே ஒரு அதிர்ச்சி. புது முகம், புது அறை, கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியாத குழப்பம் எல்லாம் சேர்ந்து விழுவது அதிகமாகலாம். ஆகவே இப்போதைய இடத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள். கட்டுவது அன்றே நிற்க வேண்டும், அதற்குத் தவணை கிடையாது. புண்ணுக்கு மருத்துவர் வர வேண்டும், மாத்திரைகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும், இரவுக்கு ஆள் கூட வேண்டும். மேனேஜர் உட்கார்ந்து கேட்டு, தவறு நடந்ததை ஒப்புக்கொண்டு, செய்து காட்டினால் அந்த இடத்தை நம்பலாம். எங்குமே தவறு நடக்கும். அதை மறைக்கிறார்களா, திருத்துகிறார்களா என்பதில்தான் நல்ல இல்லமும் மோசமான இல்லமும் பிரிகின்றன.

அறைக்குள் விட மறுத்தால், முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்றால், புண்ணைக் காட்டாமல் மழுப்பினால், கட்டுவது தொடர்ந்தால், உடனே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மாத்திரைப் பட்டியலையும் பரிசோதனை முடிவுகளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். புது இடத்தில் சேரும் அன்றே தலை முதல் கால் வரை தோலைப் பார்த்து, இருக்கும் புண்களை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடட்டும். அந்தப் புது இடத்தை முடிவு செய்வதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சொந்தக்காரர்கள் சொல்வதைப் பற்றிக் கடைசியாக. பக்கவாதமும் மறதியும் சேர்ந்த ஒருவரைப் பார்த்துக்கொள்வது இரவும் பகலும் மூன்று ஆட்களின் வேலை. உங்களைக் குறை சொல்பவர்களில் எத்தனை பேர் ஒரு இரவு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்? உடை மாற்றும்போது முதுகைப் பார்த்தவர் நீங்கள்தான். மணிக்கட்டுத் தடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டவரும் நீங்கள்தான். இல்லத்தில் சேர்த்ததால் பொறுப்பு கைமாறிவிடவில்லை, அதை நீங்கள் சுமந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அண்ணனையும் இதில் சேருங்கள். வாரம் இருமுறை வீடியோ அழைப்பில் அம்மாவைப் பார்க்கவும், மேனேஜரிடம் மின்னஞ்சலில் கணக்குக் கேட்கவும் மஸ்கட்டிலிருந்தே முடியும்.

அம்மாவையும் கேளுங்கள். மறதி இருந்தாலும் வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா, யார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை அவர் சொல்வார். பேச்சு வராவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள், முகம் சொல்லும்.

இந்த வாரமே கோவைக்குப் போக முடியுமானால் போங்கள். முதலில் மருத்துவரிடம் புண்ணைக் காட்டுங்கள், பிறகு மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். அது முடிந்ததும் மேனேஜரின் எதிரில் உட்கார்ந்து, "இன்னிக்கு ராத்திரி எங்க அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கப்போறது யார், பேர் சொல்லுங்க" என்று கேளுங்கள். நன்றாக நடக்கும் இல்லத்தில் யோசிக்காமல் இரண்டு பெயர் சொல்வார்கள். பெயர் வரவில்லை என்றால், பெயர் வரும் இடத்தைத் தேட ஆரம்பித்துவிடுங்கள்.